உடம்புக்கு ஏற்ற களிசான்



இந்த இதழில் வழக்கமாகச் சாட்சிகள் வரும், வேதப் புதிர்கள் வரும், முகாம் அனுபவங்கள் வரும். நாங்கள் எழுதப்போவது களிசானைப் பற்றி. ஆசிரியர் குழுவில் இருக்கும் அக்காவிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். முழுக் கதையையும் கேட்ட பிறகு, "எழுதித் தாங்கோ, நான் ஒரு வரியும் வெட்டமாட்டன்" என்றார்.

நாங்கள் மூன்று பேர். வாலிபர் ஐக்கியப் படங்களில் எப்போதும் பின்வரிசையில் நிற்பவர்கள். உயரத்தினால் அல்ல, அகலத்தினால். கடையில் நாங்கள் சொல்லும் இடுப்பு அளவுகள் 40, 42, 44. யாருக்கு எது என்று எழுதமாட்டோம். கீழே "எங்களில் ஒருவன்" என்று வரும் இடங்களிலும் பெயர் தேடாதீர்கள். மூவரும் சேர்ந்திருந்துதான் எழுதுகிறோம்.

கடந்த நத்தார் ஒளி விழாவுக்குப் பாடகர் குழுவில் ஆண்கள் எல்லோரும் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் களிசானும் போடுவது என்று முடிவானது. ஒரே மாதிரியை மொத்தமாக ஓர்டர் செய்தால் மலிவு. தெரிவான களிசான் "ஸ்லிம் பிட்", அதாவது தொடையோடும் காலோடும் ஒட்டி நிற்கும் வெட்டு. குழுவில் மற்றவர்களுக்கு நன்றாகவே இருந்தது. அந்த மாதிரியில் 40-க்கு மேல் சைஸ் இருக்கவில்லை. எங்களில் ஒருவனுக்கு 40 போதும். ஒருவன் அலுமாரியில் கிடந்த பழைய கறுப்புக் களிசான் ஒன்றைத் தேடி எடுத்தான். மற்றவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு 40-ஐயே போட்டான். "எனக்கு இது பத்தாது, வேறு எடுத்துத் தாங்கோ" என்று கூட்டத்தில் எழும்பிச் சொல்ல அவனுக்கு வெட்கம். அவனுக்காகச் சொல்ல மற்ற இருவருக்கும் வாய் வரவில்லை.

மூன்றாவது பாட்டின்போது ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்றின் கையிலிருந்த மின்மெழுகுதிரி உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது. அவன் குனிந்து அதை எடுத்தான். பின்தையல் மேலிருந்து கீழ்வரை விட்டுப்போனது. மைக் பக்கத்தில் இருந்தது. முன்வாங்கில் சிலர் சிரித்தார்கள். அவன் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு கடைசிப் பாட்டு வரைக்கும் நின்று பாடினான். பிறகு சாப்பாட்டுக்கு நிற்காமல் ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிரவு எங்கள் வட்ஸ்அப் குழுவில் அந்தக் காட்சியை வைத்து ஒரு ஸ்டிக்கர் வந்தது. அதை முதலில் அனுப்பியவன் எங்களில் ஒருவன். தானும் பெரிய உடம்புக்காரன் என்பதால், தன்னைப் பற்றிச் சிரிப்பு வருமுன் இன்னொருவனைப் பற்றிச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்ற பழக்கம் அவனுக்கு. இதை எழுதும்போது அவன் பேனையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

அதன் பிறகு நண்பன் வரவில்லை. வருட இறுதி நள்ளிரவு ஆராதனைக்கும் இல்லை, புதுவருட ஆராதனைக்கும் இல்லை. தை மாதம் முழுவதும் இல்லை. கேட்டால் "பரீட்சை" என்றான். ஜெபக்கூட்டத்தில் அவனுடைய பெயரைச் சொல்லி, விசுவாசத்தில் பின்வாங்கிப்போன சகோதரனுக்காக என்று ஜெபித்தார்கள். நாங்களும் ஆமென் சொன்னோம்.

ஆறு ஞாயிறுகள் கழிந்த பிறகுதான் இருவரும் 93-ஆம் இலக்க பஸ் பிடித்து மோர்டனில் உள்ள அவன் வீட்டுக்குப் போனோம். அவனுடைய அம்மா தேநீரும் பற்றிஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"மச்சான், ஏன் வாறேல்லை?"

கன நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "வேலைக்கு யூனிபோர்ம் இருக்கு. வீட்டில ஜிம் களிசான் போதும். கோயிலுக்குப் போட எனக்கு ஒண்டும் இல்லையடா. கடைக்குள்ள போய் என்ர சைஸைக் கேக்கவும் ஏலாமல் கிடக்கு. அங்க வந்தால் எல்லாரும் என்ர பின்பக்கத்தைத்தான் பாப்பினம்."

அவன் பின்வாங்கிப் போகவில்லை. அவனிடம் போடுவதற்கு ஒரு களிசான் இல்லை. ஆறு வாரம் அதற்காக நாங்கள் ஜெபித்தோம். ஒருவரும் போய்க் கேட்கவில்லை. ஸ்டிக்கர் அனுப்பியவன் அன்று அந்தச் சோபாவில் வைத்தே மன்னிப்புக் கேட்டான். மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் களிசான் பிரச்சினை அப்படியே இருந்தது.

வழி காட்டியவர் அவனுடைய அம்மாதான். எங்கள் சபையில் கடைசி வாங்கில் இருக்கும் அங்கிள் ஒருவர் ஊரில் தையற்கடை வைத்திருந்தவர். அவருடைய கையால் கலியாணக் களிசான் தைத்துப் போட்ட அப்பாமார் இன்றும் எங்கள் சபையில் இருக்கிறார்கள். இத்தனை வருடமாக அவரிடம் கை கொடுத்து "எப்படி அங்கிள்" என்பதற்கு மேல் நாங்கள் எதுவும் பேசியதில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூவரும் அவருடைய வீட்டுக்குப் போனோம்.

அவர் எங்களுடைய உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இடுப்பு எவ்வளவு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். நாங்கள் 40, 42, 44 என்றோம்.

"அது கடைக்காரன்ர அளவு தம்பி. உங்கட அளவைக் கேட்டனான்."

நாடாவைப் பிடித்துப் பார்த்தால் மூவருக்கும் அளவு கூடத்தான் இருந்தது. ஒருவனுக்கு நாலு அங்குலம் கூட. முகம் சுருங்கிப்போனது. அங்கிள் விளக்கினார். களிசானின் பட்டியில் போட்டிருக்கும் எண் அந்தக் களிசானின் உண்மையான சுற்றளவு என்று நாங்கள் நினைக்கிறோம். பல கம்பனிகளில் அப்படி இல்லை. வாங்குகிறவர் சந்தோஷப்படட்டும் என்று எண்ணைக் குறைத்துப் போடுவார்கள். அமெரிக்காவில் 2010-இல் எஸ்குவயர் சஞ்சிகைக்காக ஒருவர் பல கம்பனிகளின் "36" களிசான்களை எடுத்து நாடாவால் அளந்து பார்த்தார். ஒன்று 41 அங்குலம் இருந்தது. ஆகவே ஒரு கடையில் 42 போடுகிறவன் இன்னொரு கடையில் 42-க்குள் நுழைய முடியாமல் நிற்பது அவனுடைய குற்றம் அல்ல. அங்கே போட்டிருந்த எண்தான் வேறு.

"நம்பரைப் பார்த்து அழாதேங்கோ, நம்பரைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம்" என்றார் அங்கிள். அன்று அவர் சொல்லித்தந்ததையும், பிறகு நாங்கள் கடைகளில் போட்டுப் பார்த்து அறிந்துகொண்டதையும் கீழே எழுதுகிறோம். பெரிய உடம்புள்ள தம்பிமார் இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதலில், களிசான் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானியுங்கள். வயிறு உள்ளவர்கள் பெரும்பாலும் களிசானை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம். அப்படிக் கட்டினால் சின்ன சைஸ் போதும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் அங்கே களிசானைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. நடக்க நடக்க இறங்கும், கவட்டுத் தையல் தொடைக்கு நடுவே தொங்கும், குனிந்தால் சேட் வெளியே வரும், பெல்ட்டை இறுக்கினால் வயிறு நோகும். தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே நிற்கும்படி போட்டால் களிசான் அசையாது. சைஸ் ஒன்றோ இரண்டோ கூடும். கூடட்டும். அப்படியும் வழுக்கினால் பெல்ட்டை விட்டுத் தோளில் மாட்டும் பிரேசஸ் போடுங்கள். எங்கள் தாத்தாமார் காலத்துச் சாமான் என்று சிரிக்க வேண்டாம். அது களிசானின் பாரத்தை வயிற்றில் சுமத்தாமல் தோளில் சுமத்துகிறது.

இரண்டாவது, கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப்பட்டி வரைக்கும் உள்ள உயரம். கடைகளில் இதை "ரைஸ்" என்பார்கள். நாங்கள் மூவரும் இதை ஒருநாளும் பார்த்து வாங்கியதில்லை. இந்த உயரம் குறைந்த களிசான் ஒல்லியானவருக்கு நிற்கும். வயிறும் பின்பக்கமும் பெரிதாக உள்ளவருக்குத் துணி முன்னும் பின்னும் சுற்றி வரவேண்டிய தூரம் அதிகம். இடுப்புச் சுற்றளவு சரியாக இருந்தாலும், உயரம் பத்தாவிட்டால் உட்காரும்போது பின்பட்டி கீழே இழுபடும். குனியும்போது தையல் விடும். ஒளி விழாவில் நடந்தது இதுதான். இடுப்பு இறுக்கம் பாதிக் காரணம், அந்த வெட்டில் பின்பக்க உயரம் பத்தாமல் போனது மற்றப் பாதி. "மிட் ரைஸ்", "ஹை ரைஸ்" என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

மூன்றாவது, உடம்பில் எது பெரிதோ அதற்கு அளவாக வாங்குங்கள். சிலருக்கு வயிறு, சிலருக்குத் தொடை, சிலருக்குப் பின்பக்கம். தொடைக்குச் சரியான களிசான் இடுப்பில் தொளதொள என்று நின்றால் பயப்பட வேண்டாம். இடுப்பை ஒன்றிரண்டு அங்குலம் பிடித்துத் தைப்பது தையற்காரருக்கு இலகுவான வேலை. ஆனால் தொடையில் பத்தாத துணியைக் கூட்ட முடியாது. நல்ல களிசானில் பின் நடுத்தையலுக்குள் கொஞ்சம் மிச்சத் துணி மடித்து விட்டிருப்பார்கள். வாங்கும்போதே உள்ளே புரட்டிப் பாருங்கள். பிறகு இடுப்பைக் கூட்ட வேண்டி வந்தால் அந்தத் துணிதான் கைகொடுக்கும்.

நான்காவது, வெட்டு. ஒட்டிய வெட்டு பெரிய தொடையை இறுக்கிக் கீழே காலை மெல்லியதாக்கும். மேலே எல்லாம் இன்னும் பெரிதாகத் தெரியும். அதற்குப் பயந்து மறுபக்கம் ஓடி, சாக்குப்போல அகலமானதை வாங்கினாலும் உடம்பு பெரிதாகத்தான் தெரியும். தொடையில் இடம் விட்டு நேராக இறங்கும் வெட்டு, அல்லது முழங்காலுக்குக் கீழே மெல்ல ஒடுங்கும் வெட்டு, இந்த இரண்டும் எங்கள் மூவருக்கும் சரியாக நின்றன. முன்பக்கம் மடிப்பு வைத்த களிசான் உட்காரும்போது இடம் தரும். ஆனால் நிற்கும்போதே அந்த மடிப்பு விரிந்து நின்றால் களிசான் சிறிது என்று அர்த்தம். பக்கப் பொக்கெட்டுகள் காதுபோல வெளியே விரிந்தாலும் அதே அர்த்தம். கவட்டிலிருந்து தொடைப்பக்கம் குறுக்குக் கோடுகள் ஓடினால் இறுக்கம். பின்பக்கத்துக்குக் கீழே துணி மாலைபோலத் தொங்கினால் தளர்வு.

ஐந்தாவது, நீளம். எங்களில் இடுப்பு பெரியவர்கள் பலருக்குக் கால் கட்டை. கடையில் இடுப்பு கூடக்கூடக் காலும் நீளமாகிக்கொண்டே போகும். மடித்து மடித்து விட்டால் காலடியில் துணி சேர்ந்து ஆளை இன்னும் கட்டையாக்கும். சப்பாத்தின் மேல் துணி இலேசாகத் தொட்டு நிற்கும் அளவுக்கு வெட்டித் தையுங்கள். சில பவுண்டுகள்தான் செலவு. ஆனால் சாதாரண களிசானை நல்ல களிசானாக்குவது பெரும்பாலும் அந்தச் செலவுதான்.

ஆறாவது, துணி. முழுப் பொலியெஸ்டர் வேண்டாம். அது வேர்க்கும், தொடைகள் உரசும் இடத்தில் தோலும் புண்படும். பருத்தியோ கம்பளிக் கலப்போ, அதில் ஒன்றிரண்டு வீதம் எலாஸ்டேன் இருந்தால் நல்லது. இழுபடும் துணி என்றதற்காகச் சைஸைக் குறைக்காதீர்கள். அந்த இழுபடுதல் நீங்கள் உட்கார்ந்து எழும்புவதற்கு, உள்ளே நுழைவதற்கு அல்ல. உள்தொடை தேயும் இடத்தில் முதலிலேயே உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்தால் களிசான் நீண்ட காலம் உழைக்கும்.

சூட் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஒன்றாக விற்கும் சூட்டில் மார்பளவுக்கும் இடுப்பளவுக்கும் வழக்கமாக ஆறு அங்குல வித்தியாசம் வைத்துத்தான் தைக்கிறார்கள். மேற்சட்டை 44 என்றால் களிசான் 38. எங்கள் உடம்புகளில் அந்த ஆறு அங்குலம் கிடையாது. ஆகவே மேற்சட்டையும் களிசானும் தனித்தனியாக விற்கும் இடத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, சோதனை. அங்கிள் சொன்னார்: "கண்ணாடிக்கு முன்னால நிக்கிறதுக்கு நீங்கள் களிசான் வாங்கேல்லை. இருக்கப் போறியள், ஏறப் போறியள், முழந்தாள் போடப் போறியள். அதையெல்லாம் கடையிலேயே செய்து பாருங்கோ." அப்படியே செய்தோம். விம்பிள்டன் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், 1876-இல் ஜோசப் ஈலி என்பவர் தொடங்கிய ஈலிஸ் கடையிலிருந்து பிராட்வேயில் உள்ள கடைகள் வரை ஒரு சனிக்கிழமை முழுவதும் ஏறி இறங்கினோம். போட்டுப் பார்க்கும் அறைக்குள் கதிரையில் இருந்து எழும்பினோம், படி ஏறுவதுபோலக் காலைத் தூக்கினோம், முழந்தாளிட்டோம். பக்கத்து அறையில் இருந்தவர் நாங்கள் ஜெபிக்கிறோம் என்று நினைத்திருக்கலாம். மூன்று பேராகப் போனதால் வெட்கம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. தனியாகப் போயிருந்தால் முதல் கடையோடு திரும்பியிருப்போம்.

கடைகளில் எங்கள் சைஸ் தட்டில் இல்லாமலும் இருந்தது. "ஒன்லைனில் இருக்கும்" என்றார்கள். அதற்கும் ஒரு வழி உண்டு. வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் களிசான் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, இடுப்பு, கவட்டு உயரம், தொடை, உட்கால் நீளம் நான்கையும் அளந்து எழுதி வையுங்கள். கடைக்காரரின் அளவு அட்டவணையோடு அதை ஒப்பிட்டு ஓர்டர் செய்யுங்கள். பட்டியில் உள்ள எண்ணை மட்டும் நம்பி ஓர்டர் செய்தால் தபால்காரருக்குத்தான் வேலை.

விம்பிள்டன்காரராகிய எங்களுக்குக் களிசான் விஷயத்தில் ஒரு சரித்திரமும் இருக்கிறது. இங்கே டென்னிஸ் ஆண்கள் ஒருகாலத்தில் நீளமான வெள்ளைப் பிளனல் களிசான் போட்டுத்தான் ஆடினார்கள். ஆட ஆட அது வேர்வையைக் குடித்துப் பாரமாகும். 1932-இல் இங்கே இறுதி ஆட்டம் வரை வந்த பன்னி ஒஸ்டின், 1933-இல் கட்டைக் களிசானோடு விம்பிள்டன் திடலில் இறங்கினார்.  நீளக் களிசானோடு இங்கே ஆண்கள் பட்டத்தை வென்ற கடைசி ஆள் பிரான்சைச் சேர்ந்த இவோன் பெத்ரா, 1946-இல். அதற்குப் பிறகு உடுப்புத்தான் ஆளுக்காக மாறியது. சேர்ச் ரோட்டில் உள்ள அந்தத் திடலை பஸ்ஸில் கடக்கும்போது இப்போது எங்களுக்கு ஒஸ்டினுடைய முழங்கால்கள்தான் ஞாபகம் வருகின்றன.

வேதத்திலும் தேடிப் பார்த்தோம். களிசான் இருக்கிறது! யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் ஆரோனின் குமாரருக்குச் சணல்நூலால் சல்லடம் தைக்கச் சொல்லப்படுகிறது. எங்கிருந்து எதுவரைக்கும் என்று அளவும் சொல்லப்படுகிறது. எசேக்கியேல் 44-இல் பணிவிடை செய்யும் ஆசாரியர்கள் வேர்வை வரவைக்கும் எதையும் அரையில் கட்டக்கூடாது என்று இருக்கிறது. தம்முடைய சந்நிதியில் நிற்கிறவன் இடுப்பு இறுகி வேர்த்து விறுவிறுத்து நிற்பதை ஆண்டவர் கேட்கவில்லை.

ஆனால் எங்களைத் தொட்டது வேறு இரண்டு இடங்கள். ஒன்று, 1 சாமுவேல் 17. கோலியாத்தோடு சண்டைக்குப் போகும் தாவீதுக்கு சவுல் தன்னுடைய கவசத்தைப் போட்டுவிடுகிறான். நல்ல எண்ணத்தோடுதான் போட்டுவிடுகிறான். தாவீது நடந்து பார்க்கிறான், நடக்க முடியவில்லை. அவன் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறான். ராஜாவினுடைய உடுப்பு தனக்குப் பொருந்தவில்லை என்று ராஜாவுக்கு முன்னாலேயே சொன்னான். எங்களுக்கு ஒரு பாடகர் குழுக் கூட்டத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கவசம் பொருந்தாதது தாவீதின் குறை என்று வேதத்தில் எங்கேயும் எழுதவில்லை.

மற்றது, அதே புத்தகத்தின் 2-ஆம் அதிகாரம். அன்னாள் தன்னுடைய பிள்ளை சாமுவேலை ஆலயத்தில் விட்டுவிட்டு வருகிறாள். பிறகு வருடாவருடம் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோகிறாள். அங்கிள் இதைச் சொல்லும்போது நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ஒவ்வொரு வருசமும் பிள்ளை வளர்ந்திருக்கும். போன வருசச் சட்டை பத்தாது. அவ அதுக்காகப் பிள்ளையைப் பேசேல்லை. புதுசா ஒண்டு தைச்சுக் கொண்டு போனா." தையற்காரர் ஒருவர்தான் அந்த வசனத்தை அப்படி வாசிக்க முடியும் என்று நினைக்கிறோம்.

இங்கே ஒரு கேள்வி வரும். அப்படியென்றால் உடம்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாமா? வேண்டும். அங்கிளின் நாடா காட்டிய உண்மையான எண்ணை நாங்கள் மறக்கவில்லை. எங்களைப் போன்ற தென்னாசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இந்த நாட்டில் வெள்ளையர்களைவிடக் கூட. அதனால்தான் தென்னாசிய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய 35½ அங்குலம், தாண்டினாலே கவனமாக இருக்கச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94. இடுப்பு உயரத்தின் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு எளிய கணக்கு. வைத்தியர் கேட்கும் இந்த இடுப்பு களிசான் நிற்கும் இடம் அல்ல. கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டுவிட்டு அளக்க வேண்டும். பட்டியில் உள்ள எண்ணை நம்பி "எனக்கு 38 தானே" என்று இருந்தால் இது ஒருநாளும் தெரியவராது. எங்களில் இருவர் குடும்ப வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டோம். மூன்றாமவனுக்கு அடுத்த வாரம். அப்பாமாருக்கும் சொல்லுங்கள்: இங்கிலாந்தில் 40 வயதிலிருந்து 74 வயது வரை, ஏற்கெனவே பெரிய வருத்தங்கள் இல்லாதவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு.

ஆனால் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பக்கூடாது. உடம்பு குறைந்த பிறகு நல்ல களிசான் வாங்கலாம் என்று நாங்கள் மூவருமே வருடக்கணக்காக இருந்தோம். அலுமாரியில் "மெலிந்த பிறகு போட" என்று விலைச்சீட்டோடு தொங்கும் களிசான் எங்கள் மூன்று வீடுகளிலும் உண்டு. அது ஒருவரையும் மெலிய வைக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அலுமாரியைத் திறக்கும்போது ஒரு குட்டுப் போட்டது, அவ்வளவுதான். வெட்கத்தோடு வீட்டில் இருப்பவன் நடக்கவும் போகமாட்டான், விளையாடவும் போகமாட்டான், ஆராதனைக்கும் வரமாட்டான். இன்றைய உடம்புக்கு இன்றைக்கு ஒரு நல்ல களிசான் வேண்டும். நாளைக்கு உடம்பு குறைந்தால் பிடித்துத் தைக்கலாம்.

சபையாருக்கும் சில வார்த்தைகள், தாழ்மையோடு. கனநாளைக்குப் பிறகு ஒருவரைக் கண்டதும் "என்ன, நல்லா உடம்பு வைச்சிட்டாய்" என்பது எங்களுக்குள் சுகம் விசாரிக்கும் முறையாகிவிட்டது. அன்போடுதான் சொல்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கேட்டுவிட்டுத் திருவிருந்துக்கு எழும்பிப் போவது பாரமாக இருக்கிறது. குழுக்களுக்கு உடுப்பு ஓர்டர் செய்கிறவர்கள் மாதிரியைத் தெரிவு செய்யுமுன்னே அளவுகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே நிறம் போதும், ஒரே வெட்டு வேண்டாம். தங்கச்சிமாரும் இதையே எங்களிடம் சொன்னார்கள். அதை அவர்களே அடுத்த இதழில் எழுதட்டும்.

நண்பனுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கடைசியில் அவன் எடுத்தது 46. நேர்வெட்டு, கம்பளிக் கலப்பு, கரும்சாம்பல் நிறம். அங்கிள் இடுப்பை முக்கால் அங்குலம் பிடித்து, காலை இரண்டு அங்குலம் வெட்டி, உள்தொடையில் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு வா, அது காணும்" என்றார்.

வந்தான். திருவிருந்து நேரத்தில் மூவரும் ஒன்றாக எழும்பிப் போனோம். முன்னால் முழந்தாளிட்டோம். ஒரு தையலும் சத்தம் போடவில்லை. எழும்பித் திரும்பும்போது கடைசி வாங்கில் இருந்த அங்கிள் எங்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை. களிசான் எப்படி விழுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருட ஒளி விழாப் பயிற்சி தொடங்குமுன், ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் அங்கிள் நாடாவோடு இருப்பார். ஒரு திரைக்குப் பின்னால்தான் அளவெடுப்பார். எண்ணை ஒரு துண்டில் எழுதி உங்கள் கையில் மட்டும் தருவார். வர வெட்கமாக இருந்தால் எங்களில் ஒருவரிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
பின்வரிசை மூவர்